கோடாலிக்காரனோட வலது கை

அலோ... அலோ... யாரு?... சத்தமா பேசுங்க, மெஷின் ஓடுது, ஒண்ணும் விழல... இருங்க, நிறுத்திட்டேன். ம், சொல்லுங்க.

...

நீயா.

...

ம்... ம்... கேட்குது, கேட்குது. டெய்லர் கடைதான். மாஸ்டர்தான் பேசறேன். இந்தக் கடையில வேற யாரு ஃபோன் எடுப்பா?

...

என்னது?... திரும்பச் சொல்லு. தையல்பொணம் விதியா? நம்ம ஆட்டத்துக்கு நான் எழுதின நோட்டுல நாலாம் பக்கத்துல இருக்கிற விதியா?... டேய்! டேய் காம்பவுண்டர்! உங்கண்ணன் உள்ளங்கையில ஆறு தையல்டா. ஆட்டத்துத் தையல் இல்ல. நிஜ ஊசி, நிஜ நூல். ஞாயித்துக்கிழமை என் கத்திரியால நீ வெட்டினது. இன்னைக்கு வியாழன். நாலு நாள் கழிச்சு ஃபோன் பண்றே, அண்ணன் கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல, விதி கேட்கறியா விதி?

...

என்ன "கேட்கலாம்னுதான்"? ஸ்டியரிங் பிடிக்கிற கைடா அது. மூணு வாரம் வண்டி எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. சாப்பாட்டைப் பிசையறதுக்குக்கூட இடது கை. என் வீட்டுக்காரிதான் ஆட்டோ பிடிச்சு கூட்டிட்டுப் போனா. நீ எங்க இருந்தே? வாசல்ல நின்னு பார்த்தே, அப்புறம் ஆளைக் காணோம். கட்டிங் டேபிள்ல ரத்தம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான்தான் துடைச்சேன். ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டை ரெண்டு போச்சு.

...

வெச்சுடாதே. வெச்சேன்னா நான் கடைக்கே வந்துடுவேன். உன் மருந்துக்கடை கண்ணாடிக்குப் பின்னால நீ பத்திரமா இருக்கலாம்னு பார்க்காதே... ம். ... ம். ... சரி, யாரோ கூப்பிடறாங்க பாரு உன்னை. அந்தம்மாவுக்கு முதல்ல மாத்திரையைக் குடு. நான் லைன்லதான் இருக்கேன்.

...

குடுத்தியா? சரி. இப்ப சொல்லு. நாலாம் பக்க விதி இப்ப எதுக்கு?

...

ம்.

...

கோடாலிக்காரனை எழுப்பணுமா? உங்கண்ணன் விளையாடின ஆளையா?... எதுக்கு, இடது கையும் வேணுமா உனக்கு?

...

ஓ. ... அப்படியா. ... முழுசா தைச்சு, எழுப்பி, அவர்கிட்டயே குடுத்துடறியா. "இந்தா உன் ஆளு, வந்து விளையாடு"ன்னு. ... ஃபோன் எடுக்க மாட்டேங்கிறாரா? பின்னே எடுப்பாரா? நானா இருந்தா உன் நம்பரை அழிச்சிருப்பேன்.

...

இல்ல, சிரிக்கல. சிரிப்பு வரல. நாப்பது வயசைத் தாண்டின மூணு கழுதைங்க, ஞாயித்துக்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, டைஸ் உருட்டிக் கதை விளையாடறோம். அதுல கத்திக்குத்து. வெளியில சொன்னா காறித் துப்புவாங்க. ... தப்பு என்மேலயும் இருக்கு, இல்லன்னு சொல்லல. என் மந்திரவாதிக்குப் புஸ்தகத்துல இருக்கிற விதி சப்புன்னு இருக்கு மாஸ்டர், நீங்களே எழுதுங்கன்னு நச்சரிச்சே. எழுதினேன். தையல்காரன் எழுதினா எப்படி இருக்கும்? ஆளுக்கு ஒரு உருவம், அளவெடுத்து காக்கிப் பேப்பர்ல. ஆள் செத்தா பேப்பரை வெட்டு. கை வேணுமா கை, கால் வேணுமா கால். ஊசி போட்டுத் தைச்சுப் புதுப் பொணம் கட்டு. நல்லாத்தான் எழுதியிருந்தேன். ஆனா செத்தாத்தான்டா வெட்டலாம்! அதை எழுதணும்னுகூட எனக்குத் தோணல. எந்த மடையன் உயிரோட இருக்கிறவனை வெட்டுவான்னு விட்டுட்டேன்.

...

எங்க செத்தான்? கோடாலிக்காரன் ஒத்தை ஆளா பாலத்துல நின்னான். இரும்புப்பல் கூட்டம் முப்பது பேர் வர்றானுங்க. நீங்கள்லாம் ஓடுங்கடான்னு சொல்லிட்டு நின்னான். முட்டி உடைஞ்சுது, நின்னான். வயித்தைக் கிழிச்சானுங்க, குடலை ஒரு கையால உள்ள தள்ளிக்கிட்டு இன்னொரு கையால கோடாலி வீசினான். அவனுக்கு ஒரு உருட்டு பாக்கி இருந்துச்சு. அஞ்சோ ஆறோ விழுந்தா பிழைச்சான். உங்கண்ணன் டைஸைக் கையில எடுத்துக் குலுக்கிட்டிருந்தார். நீ என்ன சொன்னே? சொல்லு, நீயே சொல்லு.

...

ஆமா. "செத்தாச்சு, வலது கை எனக்கு." இதைச் சொல்லிட்டு கத்திரியை எடுத்தே. நானும் ஒரு மடையன், "சரி, எழுதிக்கோ"ன்னு சொல்லித் தொலைச்சேன். மனசெல்லாம் அந்த யூனிஃபார்ம்ல இருந்துச்சு, இருபது செட் மறுநாள் குடுக்கணும். அவர் "டேய், நான் இன்னும் சாகலடா"ன்னு சொல்லிக்கிட்டே பேப்பர் மேல கையை வெச்சார். நீ கத்திரியை மூடினே.

...

பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

...

சரி. சரி விடு. அழற மாதிரி பேசாதே, கடையில ஆளுங்க இருப்பாங்க. எழுப்பணும்கிறே. எழுப்பிடுவோம். ஆனா சலுகை கிடையாது. ஒவ்வொரு தையலுக்கும் உருட்டணும். ஒண்ணு விழுந்தா தையல் பிரியும், பிரிஞ்சா பொணம் உன்னையே பிடிக்கும். டைஸ் இருக்கா அங்க?... சட்டைப் பையிலயா? நாலு நாளா பையிலயே வெச்சிருக்கியா?... கண்ணாடி மேல உருட்டு. எனக்குச் சத்தம் கேட்கணும். உருட்டாம நம்பர் சொன்னே, தெரிஞ்சுடும்.

இரு, அவன் பேப்பரை எடுக்கறேன். டிராயர்லதான் வெச்சேன்... ம். இதோ. காய்ஞ்சு மொடமொடன்னு ஆயிடுச்சு. தோள்பட்டை பாதி வெட்டியிருக்கு, அதுக்கு மேல எல்லாம் கறுப்பு. ... உங்கண்ணன் ரத்தம்தான், வேற என்ன, சாயமா?

கேளு. பாலத்துக்கு அடியில இருக்கே. முழங்கால் வரைக்கும் சேறு. கோடாலிக்காரனை இழுத்துட்டு வந்துட்டே. தலைக்கு மேல பலகை தடதடன்னு ஆடுது, இரும்புப்பல்லனுங்க ஓடறானுங்க. பலகை இடுக்கு வழியா ரத்தம் சொட்டுது உன் கழுத்துல. முதல்ல என்ன பண்றே?

...

தப்பு. நேரா ஊசியை எடுக்கறியா? புதுத்துணியை நனைக்காம வெட்டினா என்ன ஆகும்?... ம், சுருங்கும். பொணமும் அப்படித்தான். முதல்ல ஆத்துல போட்டு அமுக்கு. தலைமுடியைப் பிடிச்சு அமுக்கு. குமிழி வருது... எண்ணாதே, பொணத்துக்குக் குமிழி வரும். ... ஏன் வருதுன்னு என்னைக் கேட்காதே. உருட்டு.

...

நாலு. சரி. நனைஞ்சுட்டான். இப்ப ரெண்டு பேர் கீழ இறங்கிட்டானுங்க. ஒருத்தன் கையில கொக்கி. இன்னொருத்தன் வெறுங்கை, வாய் மட்டும்தான், வாய் நிறைய இரும்பு. உன்கிட்ட என்ன ஆயுதம்?

...

அட. ... அட, நல்லாத்தான் யோசிக்கறே. பாதி வெட்டின கையையே தூக்கறியா? விரல் இன்னும் கோடாலியை விடல. ஆமா, விதி இருக்கு, கை தன் தொழிலை மறக்காது, தலை போனாலும் மறக்காது. நீ முழங்கைக்கு மேல பிடிச்சுத் தூக்கினா போதும், வீசறது அது வேலை. உருட்டு!

...

அஞ்சா! போச்சு அவன்! கொக்கிக்காரன் தாடையில விழுது. தாடை தொங்குது. இரும்புப் பல்லெல்லாம் தண்ணியில சிதறுது, சோளம் உதிர்த்த மாதிரி. அவன் கையால பிடிச்சு ஒட்ட வைக்கப் பார்க்கறான். கோடாலி திரும்ப வருது, நீ வீசல, அதுவா வருது. கழுத்து. முடிஞ்சுது. ... அடுத்தவன் உன் முதுகுல ஏறிட்டான். உருட்டு... உருட்டுடா!

...

ஒண்ணா.

...

ஒண்ணுன்னா ஒண்ணுதான். காது. இடது காது. கடிச்சுக் கிழிச்சு மென்னு உன் முகத்துலயே துப்பறான். ... நான் என்ன பண்ண, நீ உருட்டினதுதானே?... நூலா? எந்த நூல்? தைக்க வெச்சிருக்கிற நரம்பா? அவன் கழுத்துல சுத்தறியா? சுத்து. முட்டியை அவன் முதுகுல குடுத்து இழு. உருட்டு... ஆறு! இழு, இழு... நரம்பு உன் உள்ளங்கையையும் அறுத்துக்கிட்டு இறங்குது, ஆனா விடாதே... கண்ணு பிதுங்குது... காலை உதைக்கிறான்... உதைக்கிறான்...

அடங்கிட்டான்.

...

மூச்சு வாங்குதா? எனக்கும்தான். இரு, ஒரு நிமிஷம், கடைக்கு ஆள் வந்திருக்கு.

வாங்க... வாங்கண்ணே. உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உட்காருங்க, கையைத் தொங்க விடாதீங்க, மேல தூக்கி வெச்சுக்கோங்க. என்ன?... சட்டைக் கை கட்டுக்கு மேல நுழையலையா? குடுங்க, ஓரத் தையலைப் பிரிச்சு விட்டுடறேன், ரெண்டு நிமிஷம்.

...

ஒண்ணுமில்லடா, ஒரு கஸ்டமர். சட்டைக் கை பிரிக்கணுமாம். நீ இரு. இரு, வைக்காதே, இதோ வர்றேன்.

ஃபோனைப் பொத்திக்கிட்டேன்ணே, அவனுக்குக் கேட்காது. ஆமா, அவன்தான். உங்க தம்பிதான்... உட்காருங்க! உட்காருங்கண்ணே, எழுந்திரிக்காதீங்க. கோடாலிக்காரனை எழுப்பித் தரேன்னு நிக்கிறான். உங்களுக்காகத்தான். ... உங்க டைஸை எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா? இனிமே ஆட்டத்துக்கு வர மாட்டீங்களா? சரி, வர வேண்டாம். டைஸ் மெஷினுக்கு அடியில உருண்டு கிடந்துச்சு, எடுத்து வெச்சிருக்கேன், தரேன். அஞ்சே நிமிஷம் இருந்துட்டுப் போங்க. ஸ்பீக்கர்ல போடறேன். மூச்சு விடாதீங்க. எனக்காக.

அலோ... ம், வந்துட்டேன். எங்க விட்டோம்? ... இல்ல, சத்தம் ஒரு மாதிரிதான் வரும், ஃபோனை டேபிள் மேல வெச்சிருக்கேன், ரெண்டு கையும் வேணும்ல எனக்கு. ஒரு கையில பிளேடு, ஒரு கையில சட்டை. நீ அங்க தைக்கறே, நான் இங்க பிரிக்கறேன். சொல்லு. கோடாலிக்காரனுக்கு முட்டி உடைஞ்சு போச்சே, புதுக் கால் எங்கிருந்து?

...

கொக்கிக்காரன் காலா? வெட்டு. இடுப்பு மூட்டுல வெட்டு, எலும்பை அறுக்காதே, மூட்டைத் திருகினா கழலும். சத்தம் வரும், பயப்படாதே. உருட்டு... மூணு. வந்துடுச்சு. ஆனா குட்டை. ரெண்டு இஞ்ச் குட்டை. அளவெடுத்தியா?... எடுக்கல. அளவும் எடுக்கல, தையலுக்குச் சதை விட்டும் வெட்டல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், உள்ள கொஞ்சம் விட்டு வெட்டு, நாளைக்குப் பிரிக்கணும்னா பிரிக்கலாம், ஒட்ட வெட்டினா வெட்டினதுதான்னு? உன் சட்டைக்கும் இதேதான் சொன்னேன், பொணத்துக்கும் இதேதான். ... நொண்டட்டும். கோடாலிக்காரன் இனிமே நொண்டுவான். எழுதிக்கோ.

வயிறு. குடலை உள்ள வை. அப்படியே அடைக்காதே, சுருட்டி வை. ஊசியை உள்ளிருந்து வெளியில குத்து. ஒரு தையல்... உருட்டு. நாலு. ரெண்டாவது... ரெண்டு. பரவாயில்ல, பிடிச்சுது. மூணு... அஞ்சு. நாலு... மூணு. கை வழுக்குது உனக்கு, உன் காதுலேர்ந்து ரத்தம் ஊசி மேல சொட்டுது. அஞ்சாவது... நாலு. ... ஆறாவது.

...

ஏன் நிறுத்திட்டே?

...

ஆமா. ஆறு தையல்தான். அவருக்கும் ஆறுதான். ... உருட்டு. எல்லாத்துக்கும் நின்னு யோசிக்கத் தெரியாத ஆளு, இதுக்கு மட்டும் யோசிக்கறியே.

...

ஆறு.

சரி. இப்ப வலது கை. அதை நான் பண்றேன், பேப்பர் என்கிட்டதான் இருக்கு. பாதி வெட்டினதை மீதியும் வெட்டிட்டுத் தைக்கறதா, இல்ல வெட்டின வரைக்கும் தைக்கறதா?... வெட்ட வேண்டாமா? ... ம். சரி. வெட்டல. மிச்சம் ஒட்டிட்டு இருக்கிற இடத்துலேர்ந்து தைக்கறேன். ... அழுத்தித் தைக்கறேன்டா, எனக்குச் சொல்லித் தரியா?

முடிஞ்சுது. ஆள் கிடக்கறான். உன் மந்திரம் சொல்லு, எழுவான். ஆனா ஊமை. தையல்பொணம் பேசாது, உனக்குத் தெரியும். சொன்னதைச் செய்யும், குழியில இறங்கச் சொன்னா இறங்கும். அவ்வளவுதான். இப்படி ஒரு ஆளை உங்கண்ணன் கையில குடுத்தா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உம்முன்னு உட்கார்ந்திருக்கணும். வெளியில எப்படி இருக்கீங்களோ அப்படியே.

...

நான் ஏன் சொல்லக் கூடாது? நாலு வருஷமா நீங்க ரெண்டு பேரும் வேற எங்க பேசினீங்க? உங்கப்பாவை எடுத்த நாள்லேர்ந்து ஒரு வார்த்தை உண்டா? இந்த டேபிள்லதானே, "அண்ணே அந்த அரக்கனை அடி", "தம்பி கதவைத் திற"ன்னு பேசினீங்க? அதுக்காகத்தான்டா நான் ஆட்டம் நடத்தறேன். டைஸ் மேல எனக்கென்ன காதலா?

...

தெரியும். தெரியும். நேரமாச்சுன்னு சுத்தி நின்னவங்க சொன்னாங்க. நீயும் சரின்னுட்டே. அவர் லாரியில வந்துட்டே இருந்தார், ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்னு ஃபோன்ல சொன்னார். வந்து வாசல்ல லாரியை நிறுத்தினப்போ கட்டில் காலி. இருபத்திரெண்டு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கிட்டவர். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையாம், உனக்கு அன்னைக்கும் பொறுக்கல, ஞாயித்துக்கிழமையும் பொறுக்கல.

...

சரி, சரி. கத்தல. பக்கத்துல ஆள் இருக்கார், கத்தல.

நாக்கா? பொணத்தைப் பேச வைக்கறதுக்கா? ஆமா, விதி இருக்கு. உயிரோட இருக்கிறவன் நாக்கு வேணும். செத்தவன் நாக்கு பொய் சொல்லும். ... யாரோடது? அங்க நீ மட்டும்தான் உயிரோட இருக்கே.

...

உன் மந்திரவாதியோடதா? யோசிச்சுச் சொல்லு. அப்புறம் மந்திரம் சொல்ல வாய் இருக்காது. மூணு வருஷம் வளர்த்த ஆளு. ஊமையாயிடுவான். டேபிள்ல நீயும் பேசக் கூடாது, எப்பவும். ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. அவ்வளவுதான் உனக்கு.

...

நிச்சயமா?

...

சரி. மந்திரத்தைச் சொல்லிடு முதல்ல, அதுதான் உன் கடைசிப் பேச்சு. ... ம். இப்ப கத்தியை எடு. வெளியில நீட்டு. நுனியைப் பிடிச்சா வழுக்கும், துணியைச் சுத்திப் பிடி. இழு. அடிவரைக்கும் இழு. ஒரே அறுப்பா அறுக்க முடியாது, தசை கெட்டி, ரெண்டு மூணு தடவை போகணும். வாய் நிறைய ரத்தம், முழுங்காதே, துப்பு. கத்த வராது. கத்தணும்னு தோணும், வராது. உருட்டு.

...

அஞ்சு. கையில வந்துடுச்சு. சூடா இருக்கு. அவன் வாயைத் திறந்து உள்ள வெச்சு நாலு தையல் போட்டுட்டே. சொல்ல வேண்டாம், போட்டாச்சு. இப்பலேர்ந்து நீ ஊமை. புரிஞ்சுதா?

...

டேய், புரிஞ்சுதான்னா வாயைத் திறக்கறே! கண்ணாடியில தட்டு.

... ம். ஒண்ணு. நல்லது.

கண்ணைத் திறக்கறான். கோடாலிக்காரன். நாக்கு வெச்சவனை அவன் ஒரே ஒரு கேள்வி கேட்பான், மறைக்காம பதில் சொல்லணும். இதுவும் எழுதியிருக்கேன், கடைசி வரி, நீதான் அவ்வளவு தூரம் படிக்க மாட்டே. கேள்வியை... இரு.

என்ன கேட்கட்டும்? ... சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.

...

கஸ்டமர்கிட்டடா. இரு.

...

கேளு. கோடாலிக்காரன் கேட்கறான். "நான் கையை வெச்சதைப் பார்த்துட்டுத்தான் கத்திரியை மூடினியா?"

...

தட்டு.

...

இருக்கியா? மூச்சு கேட்குது. அவசரம் இல்ல. யோசி. பொய்னா இப்பவே ஃபோனை வெச்சுடலாம்.

...

ஒண்ணு.

...

ஒரு தட்டுதான் கேட்டுது. ரெண்டாவது வருமான்னு பார்க்கறேன். ...

வரல.

...

கடவுளே. பார்த்துட்டுத்தானா. நான் நாலு நாளா ஊர்ல எல்லார்கிட்டயும் "கை தவறிடுச்சு, கை தவறிடுச்சு"ன்னு... உன்னைக் கொன்னா என்னடா? சொந்த அண்ணன் கை அது. உனக்குச் சைக்கிள் பழக்கின கை...

அண்ணே, போகாதீங்க. அண்ணே. சட்டை இன்னும்... ஒரு நிமிஷம்ணே.

...

யாரா? யார்னு கேட்கறியா? பேசாதேன்னேன்ல! கஸ்டமர்தான். வலது கையில ஆறு தையல் போட்ட கஸ்டமர். வெட்டுப் பட்டவர் இங்க உட்கார்ந்து நீ தைக்கறதைப் பூரா கேட்டுட்டிருந்தார். ஆமா, சொல்லல. சொன்னா உண்மையைத் தட்டியிருப்பியா?

...

எழுந்துட்டார். போறார்டா. ... இல்ல. போகல. டேபிளுக்கு வர்றார். பேப்பரைப் பார்க்கறார். நான் தைச்ச இடத்தைத் தடவிப் பார்க்கறார்.

என்னண்ணே? ... டைஸா? இதோ இருக்கு, இந்தாங்க.

டேய். "நான் இன்னும் சாகலடா"ங்கிறார். அவரோட உருட்டு பாக்கி. ஞாயித்துக்கிழமை கையிலிருந்து விழுந்தது கணக்குல சேராதாம். ... சேராதுண்ணே. நான் சொல்றேன், சேராது. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். ... கேட்டியா? அப்ப நீ இவ்வளவு நேரம் ஆத்துல அமுக்கினது, அறுத்தது, குத்தித் தைச்சது எல்லாம் உயிரோட இருக்கிற ஆளைத்தான். அந்தக் குமிழி... போகட்டும் விடு.

பொறு. ஒண்ணும் பேசாதே, தட்டாதே. இடது கையால குலுக்கறார். வராது அவருக்கு இடது கை. குலுக்கறார். இன்னும் குலுக்கறார். அவர் எவ்வளவு நேரம் வேணா குலுக்குவார், நீ காத்திரு. ரெண்டு மணி நேரம் ஆனாலும் காத்திரு.

...

விட்டார்.

உருளுது... துணிக்கு மேல ஏறி... நின்னுடுச்சு.

...

மூணு.

...

மூணுதான்டா. அஞ்சோ ஆறோ வேணும்.

என்னண்ணே? ... ம். ... ம். ... சொல்றேன், சொல்றேன்.

"இப்ப செத்துட்டேன்"ங்கிறார். "இப்ப வெட்டிக்கச் சொல்லு"ங்கிறார். கத்திரியை எடுத்து என் கையில குடுக்கறார். "அரை நிமிஷம் பொறுத்திருந்தா நானே குடுத்திருப்பேனே, கேட்டா குடுக்க மாட்டேனா அவனுக்கு"ன்னு...

...

டேய். டேய், அழாதே. கடையில நின்னு ஆம்பளை அழுதா மருந்து வாங்க எவன் வருவான். ... நானா? நான் அழல. பிளேடு பட்டுடுச்சு விரல்ல.

...

இல்ல, சட்டை இன்னும் போடல. பிரிச்சாச்சு, போட்டுவிட ஆள் வேணும். எனக்குக் கை ஓடல. நீ அஞ்சு நிமிஷத்துல வந்துடுவியா? ... ஒரு தட்டு. சரி.

ஸ்பீக்கரை எடுக்கறேன். ஃபோனை அவர் கையில தரேன். நீ வாயைத் திறக்காதே, உனக்கு நாக்கு இல்ல, நீயே அறுத்துக்கிட்டே. நாலு வருஷத்துப் பேச்சு இருக்கு அவர்கிட்ட. திட்டுவார். கேட்டுக்கோ. அவரா முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கோ.

இந்தாங்கண்ணே. லைன்லதான் இருக்கான்.